கால் நட்டவர்களும் பில்லர் போட்டவர்களும்: உடையார்பாளையம் வட்டாரத்தில் தாங்குநிலைச் சொற்களின் வரலாறு

ஆயிரங்கால் மண்டபம் என்கிறோம். ஆயிரந்தூண் மண்டபம் என்று யாரும் சொல்வதில்லை. அதே மண்டபத்துக்குள் போய்க் களைத்து உட்கார்ந்தவர் ‘தூணில் சாய்ந்திருந்தேன்’ என்பாரே தவிர, ‘காலில் சாய்ந்திருந்தேன்’ என்று சொல்லமாட்டார். எண்ணும்போது கால், சாயும்போது தூண். வாசலில் தனியாக நின்றால் அது கம்பம். சாய்ந்துபோன வாழைக்குக் கொடுத்தால் முட்டு. கான்கிரீட்டில் வார்த்தால் பில்லர். அகராதி இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே வரியில், ஒன்றுக்கு ஒன்று பொருளாக எழுதிவைத்திருக்கிறது. பேசுகிறவர்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மறந்தும் வைப்பதில்லை.

இந்த வேறுபாடு எப்படி உண்டானது என்பதை ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உடையார்பாளையம் தாலுகா அதற்குப் பொருத்தமான இடம். 1995இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் போய், 2007 முதல் நிலையாக அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் இந்தச் செம்மண் பூமியில் சோழர் தலைநகர் ஒன்று எழுந்து அழிந்திருக்கிறது. பாளையக்காரர் அரண்மனை இருந்திருக்கிறது. நெசவுத் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் சிமெண்ட் ஆலைகள் புகைகின்றன. பனங்கூரைக் குடிசை முதல் கான்கிரீட் மாடி வரை தாங்குமரத்தின் எல்லாப் பருவங்களும் இங்கே ஒரே மாவட்ட எல்லைக்குள் அகப்படுகின்றன. சொற்களின் மாற்றத்தைப் பொருள்களின் மாற்றத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேறென்ன வேண்டும்?

கந்து, மதலை, தறி

சங்கப் பாடல்களில் தூண் வீட்டுக்குள் இருக்கிறது. புறநானூற்றின் 86ஆம் பாட்டில் காவற்பெண்டு காட்டும் சிறு குடிலில், மகன் எங்கே என்று கேட்டு வருபவர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது மரத்தூணாகத்தான் இருந்திருக்க வேண்டும். கை பற்றும் அளவுக்குப் பருமன். வீட்டுக்கு வந்தவர் இயல்பாகப் போய் நிற்கும் இடம். தூண் என்ற சொல்லுக்கு இன்றும் இருக்கும் அந்த அண்மை உணர்வு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. வள்ளுவர் 615ஆம் குறளில் சுற்றத்தின் துன்பத்தைத் துடைப்பவனைத் தூண் என்கிறார். 983இல் சான்றாண்மையைத் தாங்கும் ஐந்து பண்புகளைத் தூண்களாக்குகிறார். 449இல் அவருக்கு வேறொரு சொல் தேவைப்படுகிறது: மதலை. அங்கே பேச்சு, தனக்கென்று சார்பு இல்லாதவன் நிலைக்கமாட்டான் என்பது. தூண் கட்டடத்தோடு சேர்ந்தது. மதலை சாயும் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து பிடிப்பது. முட்டு என்று இன்று சொல்வதன் பழைய பெயர் மதலை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சொல் பிறகு குழந்தை என்ற பொருளிலேயே தமிழர் நினைவில் தங்கிவிட்டது.

கந்து கூரை தாங்குவதில்லை. யானை கட்டுவது கந்து; தெய்வம் உறைவதும் கந்து. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பொதியில் கந்துக்கு மாலை விளக்கேற்றுகிறார்கள். மணிமேகலையில் தூணில் உறையும் தெய்வமே கந்திற்பாவை. மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்ட மரத்துக்கு ‘ஆதீண்டு குற்றி’ என்ற பெயரைத் தமிழ் லெக்சிகன் கந்து என்ற சொல்லின் கீழேயே தருகிறது. தெய்வத்துக்கும் யானைக்கும் மாட்டுக்கும் பொதுவான இந்தச் சொல்லில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: மேலே பாரம் இல்லாமல், மண்ணில் உறுதியாக ஊன்றி, தன்னைச் சார்ந்ததை நகரவிடாமல் நிறுத்துவது எதுவோ அது கந்து.

தறியும் அப்படித்தான். நட்ட முளை, கட்டும் மரம் என்பதே அதன் பழம்பொருள். திருவாரூர்ப் பக்கத்துக் கன்றாப்பூரில் இறைவனை நடுதறி என்று அப்பர் பாடியிருக்கிறார். கன்று கட்டும் முளையில் வெளிப்பட்டவர் என்பது தலவரலாறு. உடையார்பாளையம் வட்டாரத்தில் தறி என்றால் இன்று எவருக்கும் முளை நினைவுக்கு வராது. இலையூர், வாரியங்காவல் போன்ற ஊர்களில் தறி என்பது நெசவு. ‘நாலு தறி போட்டிருக்கிறார்’ என்றால் அந்த வீட்டின் வசதி தெரிந்துவிடும். தரையில் குழி தோண்டி, சுற்றிலும் முளைகளையும் கால்களையும் அறைந்து அமைத்த குழித்தறியைப் பார்த்தால் முளையின் பெயர் முழு அமைப்புக்கும் பரவியது எப்படி என்று ஊகிக்கலாம். இது ஊகம்தான், ஆனால் வலிந்த ஊகம் அல்ல. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்ற பழமொழியைக் கேட்டுக் கம்பர் வீட்டில் நெசவு நடந்ததாக நினைக்கும் இளைஞர்களை இப்பகுதியில் சந்திக்கலாம். மாடு கட்டும் முளை என்று சொன்னால் கொஞ்சம் ஏமாற்றம்கூட அடைகிறார்கள்.

சாமிக்குக் கல், அரசனுக்கு மரம்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் அது எழுந்ததைப் பெருமையாகச் சொல்கிறது. அதுவரை கோயில்கள் அவற்றால்தான் எழுந்தன என்பது அந்தப் பெருமைக்குள்ளேயே இருக்கிறது. கல்லுக்கு மாறிய பிறகும் தச்சரின் கணக்கும் தச்சரின் பெயர்களும் மாறவில்லை. கல்தூணின் மேல் உட்காரும் போதிகை, மரத்தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே வைத்த மரத்துண்டின் வழி வந்தது. பல்லவர் போதிகையில் அலை வரிசை, சோழர் போதிகையில் சாய்வாக வெட்டிய முகம், விசயநகரக் காலத்தில் தொங்கும் பூமுனை என்று அது மாறிய விதத்தை வைத்தே மண்டபத்தின் காலத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஏறக்குறைய 1025இல் கங்கைகொண்ட சோழபுரம் எழும்பியபோது, இந்த மாற்றம் கோயிலோடு நின்றுவிட்டதைத் தெளிவாகப் பார்க்கலாம். இராசேந்திரன் எடுத்த கோயில் முழுக்கக் கருங்கல். உடையார்பாளையம் பகுதியில் கருங்கல் மலை கிடையாது; அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது. அதே அரசனின் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் 1980களிலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் வெளிப்பட்டவை சுட்ட செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள். தூண்கள் கிடைக்கவில்லை, அவை நின்ற கருங்கல் அடிப்பீடங்களில் சில மட்டும் கிடைத்தன. மேலே நின்றவை மரத்தூண்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் முடிவு. சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டுகள் பெயர் சொல்லும் மாளிகை எழுந்த தலைநகரிலேயே, மனிதன் வாழும் இடத்துக்கு மரமும் செங்கல்லும், சாமிக்கு மட்டும் கல் என்ற வரையறை மீறப்படவில்லை. ஓர் அரசன் தன் வீட்டு முற்றத்தில் சாய்ந்தது மரத்தில். குடியானவனும் அப்படியே. வேற்றுமை வேலைப்பாட்டிலும் அடியில் வைத்த கல்லிலும்தான் இருந்தது.

அடியில் வைத்த அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். மண்ணில் குழிதோண்டி நட்ட மரம் அடியிலிருந்து அழுகும், கறையான் ஏறும். கல்லின் மேல் நிறுத்திய மரம் பிழைக்கும். ஆனால் கல்லின் மேல் வெறுமனே நிற்கும் மரம் தானாக நிற்காது. மேலே விட்டமும் சுவரும் சேர்ந்து பிடிக்க வேண்டும். நட்ட மரத்துக்கு யாருடைய துணையும் வேண்டியதில்லை. ஆகவே குடிசைக்கும் மாளிகைக்கும் நடுவே இருந்த உண்மையான பிளவு, நடுவதற்கும் நிறுத்துவதற்கும் இடையே இருந்த பிளவு. இன்றைய வழக்கில் கால் நடுகிறோம், தூண் நிறுத்துகிறோம் என்ற வேறுபாடு அங்கிருந்து வருகிறது என்பது இக்கட்டுரையின் முதன்மையான கருத்து. சொல்லின் பொருளைப் பெயரில் தேடுவதைவிட அதோடு வரும் வினையில் தேடுவது பயன் தரும்.

கல்வெட்டு வழக்கிலும் இதன் சாயல் உண்டு. வாசலின் இரு பக்கமும் நிற்பதைத் திருநிலைக்கால் என்கிறார்கள். கொடையாளர் அதை ‘இட்டான்’ என்று எழுதிவைக்கிறார்கள். கோயிலுக்கு விளக்கும் பொன்னும் இடுவதுபோல் நிலைக்காலையும் இடுகிறார்கள். நட்டதாகச் சொல்வதில்லை. கோயில் கல் வேலையில் மண்ணில் நடுவது என்ற செயலே இல்லை.

இந்த வட்டாரத்தின் மிகப் பெயர்பெற்ற தூண் கல்லும் அல்ல, மரமும் அல்ல. கங்கைச் சமவெளி வரை படை அனுப்பி வென்ற இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்ற ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி நீரால் ஆன வெற்றித்தூணாக வருணிக்கிறது. சயஸ்தம்பம் என்பது போரில் வென்றவன் நாட்டும் கம்பம். அரசவைப் புலவர் அதை 16 மைல் கரையுள்ள ஏரியாகப் படுக்கவைத்துவிட்டார்! ஊரார் அந்த ஏரியைப் பொன்னேரி என்கிறார்கள். ஸ்தம்பம் ஊர்வாயில் நுழையவே இல்லை.

அடுக்கியவர்கள்

கட்டடக்கலை வடமொழி நூலான மயமதம், தூணுக்குரிய ஒருபொருட் பன்மொழிகளை அடுக்குகிறது: ஸ்தாணு, ஸ்தூண, பாதம், ஜங்கா, சரணம், அங்க்ரிகம், ஸ்தம்பம், கம்பம் என்று அது போகும். சோழர் காலத்தை ஒட்டித் தென்னாட்டில் உருவான நூல் இது; புரூனோ தாகன்ஸ் பதிப்பித்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் பாதம், ஜங்கா, சரணம், அங்க்ரிகம் நான்கும் மனித உடம்பின் கீழ்ப்பகுதியைக் குறிப்பவை. தமிழ்த் தச்சன் கால் என்று ஒரே சொல்லில் முடித்ததை வடமொழியில் எழுதியவர் நான்காகப் பிரித்து எழுதியிருக்கிறார் என்று சொல்லத் தோன்றுகிறது. கட்டடத்தை உடம்பாகப் பார்ப்பது இரண்டு மொழிக்கும் பொது என்பதால் யார் யாரிடம் பெற்றார் என்ற வழக்கை இங்கே தொடங்க வேண்டாம். தூண் என்ற சொல்லையே ஸ்தூணாவின் திரிபு என்பாரும் உண்டு, தமிழின் தனிச்சொல் என்பாரும் உண்டு. கம்பமும் தம்பமும் வடக்கிலிருந்து பிராகிருத வழியாக வந்தவை என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை.

தமிழில் இந்த அடுக்கும் மரபு நிகண்டுகளுக்கு உரியது. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் செய்யுளில் அடுக்கின. அதை அகரவரிசையில் புரட்டிப் பார்க்கும் நூலாக்கியவர் வீரமாமுனிவர், 1732இன் சதுரகராதி. அதன் நான்கு பகுதிகளில் ஒன்றான பொருளகராதி, ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களுக்கானது. அவர் நெடுங்காலம் வாழ்ந்து திருக்காவலூர் என்று பெயரிட்ட ஏலாக்குறிச்சி, இதே அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. புலவனுக்கு எதுகையும் மோனையும் அமைய ஒரே பொருளுக்குப் பத்துச் சொல் வேண்டும். நிகண்டு அந்தத் தேவைக்குப் பிறந்தது. கொத்தனுக்கோ பத்துச் சொல்லும் பத்துப் பொருளாக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட லெக்சிகன் வரை, நம் அகராதிகள் புலவன் பக்கமே சாய்ந்து நின்றன. கந்து: தூண். மதலை: தூண். தம்பம்: தூண். இப்படி எழுதும்போது தவறு ஒன்றும் இல்லை. ஆனால் யானைக் கந்தைக் கூரைக்குக் கீழே யாரும் நிறுத்தியதில்லை.

குடிசைக்குள்

ஊர் வழக்கு பிழைத்திருந்த இடம் கூரை வீடு. வேப்பமரமோ பூவரசோ கருவேலோ, மேலே இயற்கையாகக் கவை பிரிந்த மரத்தைத் தேடி வெட்டி நடுவார்கள். கவையில் விட்டம் உட்கார்ந்துகொள்ளும், ஆணி தேவையில்லை. இது கவைக்கால். விட்டத்தின் நடுவில் நின்று முகட்டு வளையைத் தாங்கும் குட்டை மரம் குத்துக்கால். அது மண்ணைத் தொடுவதில்லை. ஒரு மரத்தின் மேல் ஏறி நின்று இன்னொரு மரத்தைத் தாங்குகிறது. ஆனாலும் கால்தான். கூரை பழசாகி ஒரு பக்கம் இறங்கினால் வெளியிலிருந்து கொடுப்பது முட்டு. அதையே கொஞ்சம் மரியாதையாக ஊன்றுகால் என்பார்கள். திண்ணை வைத்த ஓட்டு வீடு கட்டும் நிலை வந்தபோதுதான் தூண் என்ற சொல் வாசலுக்கு வருகிறது. கடைந்து மெருகேற்றிய மரம், அடியில் கல், மேலே பூ வெட்டிய போதிகை. வீட்டில் எத்தனை கால் இருந்தாலும் தூண் என்று பேர் வாங்குவது தெருவுக்குத் தெரியும் அந்த இரண்டோ நான்கோ மட்டும்தான்.

வயலிலும் வழியிலும் கால் இன்னும் பரவலாக இருந்தது. ஏற்றம் நின்ற காலத்தில் துலாவைத் தாங்கியவை துலாக்கால்கள். கமலை இறைத்த கிணற்றின் மேட்டில் உருளையைத் தாங்கியவை கமலைக்கால்கள். பம்புசெட்டு வந்து இவையெல்லாம் விறகாயின. கல்லில் நட்டவை மட்டும் பல கிணறுகளின் ஓரம் வேலையின்றி நிற்கின்றன. சாலையோரத்துச் சுமைதாங்கிக்கும் இரண்டு கல்லுக்கால், மேலே ஒரு கல். வயிற்றுப்பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நாட்டியது அது. தலைச்சுமையை இறக்க யாரும் இல்லாத வழியில், வழிப்போக்கன் தன் மூட்டையைத் தானே அந்தக் கல்லில் தள்ளி இளைப்பாறினான். தாங்கும் பொருள்களில் செயலையே பெயராகக் கொண்டது இது ஒன்றுதான்.

மண்டபத்தைக் கால் வைத்து எண்ணுவதும் இந்தக் குடிசை வழக்கின் நீட்சி. நாலுகால் பந்தல் போட்டவன் நாலுகால் மண்டபம் என்றான். பதினாறு கால், நூற்றுக்கால், ஆயிரங்கால் என்று எண் வளர்ந்தது. பாலத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தவில்லை. பாலத்தைக் கண் வைத்து எண்ணுகிறோம். தாங்கும் பகுதியை விட்டுவிட்டுத் தண்ணீர் போகும் வெற்றிடத்தை எண்ணுகிறோம். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1907இல் ஹெமிங்வே எழுதிய மாவட்ட விவரச்சுவடி வரை அந்தக் கதை வருத்தத்தோடு சொல்லப்பட்டு வந்திருக்கிறது. கோயிலைக் காத்த கல் தண்ணீருக்குக் கண் திறந்து நிற்கப் போனது. அந்த இடத்துக்கு ஊரார் வைத்த பெயர் அணைக்கரை.

கம்பம் தனி வழியில் போனது. கூரையைத் தாங்காமல் உயரமாக நின்று எதையாவது ஏந்திக் காட்டுவது கம்பம். தந்தி வந்தபோது தந்திக்கம்பம், மின்சாரம் வந்தபோது கரண்ட் கம்பம், கட்சிகள் வந்தபோது கொடிக்கம்பம். கந்து விட்டுப்போன இடத்தை, அதாவது பாரமில்லாமல் ஊன்றி நிற்கும் மரத்தின் இடத்தை, வடக்கிலிருந்து வந்த இந்தச் சொல் நிரப்பிக்கொண்டது என்று சொல்லலாம். கோயிலில் மட்டும் துவஜஸ்தம்பம் என்ற வடமொழிப் பெயரும் ஒட்டவில்லை, கம்பமும் ஒட்டவில்லை. பித்தளைத் தகடு போர்த்தியிருந்தாலும் அது கொடிமரம்தான். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பொது இடங்களில் உள்ள கட்சிக் கம்பங்களை அகற்ற உத்தரவிட்டபோது செய்திகளில் கொடிக்கம்பம் என்றே படித்தோம். சாமிக்கு மரம், கட்சிக்குக் கம்பம்.

காலமும் பில்லரும்

இந்த வட்டாரத்தின் தரைக்குக் கீழே இருந்த பழங்கடலின் சுண்ணாம்புக்கல் அதன் பேச்சையும் மாற்றியது. 1979இல் அரசு சிமெண்ட் ஆலை அரியலூரில் தொடங்கியது. பின்னர் தனியார் ஆலைகள் பல வந்தன. சிமெண்ட் லாரி ஓடும் ஊர்களில் கான்கிரீட் வீடு விரைவில் பரவியது. அரசுத் திட்டங்களும் உடன் சேர்ந்தன. 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற முனைந்தது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் அதே பணியைத் தொடர்ந்தது. இப்படிக் கிடைத்த சிறு வீடுகளில் சுவரே கூரையைத் தாங்குகிறது. கவைக்கால், குத்துக்கால் நின்ற வீட்டிலிருந்து ஒரு குடும்பம் கால் எதுவுமே இல்லாத வீட்டுக்குள் குடிபோனது. பாட்டி சொன்ன அத்தனை பெயருக்கும் பேரப்பிள்ளை சுட்டிக்காட்ட வீட்டில் பொருள் இல்லை. சொல் இறப்பது இப்படித்தான். அதைத் தடைசெய்தவர்கள் யாரும் இல்லை.

கொஞ்சம் வசதி கூடி மாடி எடுக்க நினைப்பவர் ‘பில்லர் போட்டுக் கட்டுகிறேன்’ என்கிறார். பொறியாளர் வரைபடத்தில் அது காலம். ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் நேரத்தின் பெயரோடு ஒன்றாகிவிட்டதால் வேலையிடத்தில் அது நிலைக்கவில்லை. கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் வீட்டுக்காரருக்கும் பில்லர். பில்லர் குழி எடுத்து, பூட்டிங் போட்டு, ராடு நிறுத்தி, ரிங் கட்டி, பெட்டி அடைத்து, கான்கிரீட் கொட்டுகிறார்கள். ஒன்பதுக்கு ஒன்பது, ஒன்பதுக்குப் பன்னிரண்டு என்று அங்குலத்தில் பேச்சு. தளம் போடும்போது அடியில் நிற்கும் சவுக்குக் கழிகளும் இரும்பு ஜாக்கிகளும் முட்டு. கான்கிரீட் இறுகியதும் முட்டைப் பிரித்துவிடுவார்கள். தற்காலிகம் என்ற பொருளை அந்தச் சொல் இங்கேயும் விடவில்லை. அரசியல் பேச்சில் ஒருவர் இன்னொருவருக்கு ‘முட்டுக் கொடுக்கிறார்’ என்று ஏளனமாகச் சொல்லும்போதும் அதே பொருள்தான்: தானாக நிற்க முடியாததை, கொஞ்ச நாளைக்கு, பக்கத்தில் நின்று பிடிப்பது. வள்ளுவரின் மதலைக்கு இருந்த மதிப்பு இந்த முட்டுக்கு இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே வீட்டின் முகப்பில், போர்டிகோவில், உருட்டி வார்த்துப் பூவேலை செய்து நிறுத்துவதைப் பில்லர் என்று வீட்டுக்காரர் சொல்வது குறைவு; அது தூண். உள்ளே சுவருக்குள் மறைந்து உண்மையான பாரத்தைச் சுமக்கும் சதுரம் பில்லர். தெருவுக்குத் தெரிவது தூண், தெரியாதது வேறு பெயர் என்ற ஓட்டு வீட்டுக் காலத்துப் பாகுபாடு கான்கிரீட்டிலும் அப்படியே தொடர்கிறது. உருவகத்திலும் தூணே வெல்கிறது. குடும்பத்தின் தூண், சனநாயகத்தின் நான்காவது தூண். கட்சிக்குப் பில்லர் என்று பேசும் மேடை இன்னும் வரவில்லை. வராது என்றே நினைக்கிறேன். ஆங்கிலச் சொல் வேலையை எடுத்துக்கொண்டது, மரியாதையை எடுத்துக்கொள்ளவில்லை.

கால் முற்றிலும் ஒதுங்கிவிடவில்லை. கல்யாண மண்டபத்தில் இரும்புக் குழாய்ப் பந்தலை வாடகைக்காரர் முதல்நாள் இரவே கட்டி முடித்துவிட்டாலும், பந்தக்கால் தனியாக நட்டே ஆக வேண்டும். நவதானியம் போட்டு, மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி, நல்ல நேரம் பார்த்து நடுகிறார்கள். சிமெண்ட் தரையில் குழி தோண்ட முடியாதென்றால் மணல் நிரப்பிய வாளியில் நடுகிறார்கள். அது எந்தக் கூரையையும் தாங்கவில்லை. ‘பந்தக்கால் நட்டாச்சு’ என்று சொன்ன பிறகு கல்யாணத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள் என்பதுதான் அதன் உறுதி. மேலே பாரமில்லாமல், மண்ணில் ஊன்றி, தன்னைச் சார்ந்ததை நகரவிடாமல் நிறுத்துவது. கந்துக்குச் சொன்ன இலக்கணம் இதற்குப் பொருந்துவதை வாசகர் கவனித்திருப்பார். பொருள் வேறு வீட்டுக்குக் குடிபோனாலும் வேலை தொடர்கிறது.

ஆகவே இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று வகுப்பறையில் எழுதிப்போடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மரம், கல், செங்கல், கான்கிரீட் என்று கட்டும் பொருள் மாறிய ஒவ்வொரு முறையும் புதிய சொல் வந்து உட்கார, பழைய சொல் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தது. தூண் அலங்காரத்துக்கும் மரியாதைக்கும், கால் எண்ணுக்கும் சடங்குக்கும், கம்பம் வெட்டவெளிக்கும், தறி நெசவுக்கும் போயின. கந்தும் மதலையும் நூல்களுக்குள் போயின.

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் முயற்சியில் 1962இலேயே உழவுத் தொழிற்சொற்கள் வட்டாரவாரியாகத் தொகுக்கப்பட்டு அகராதியாக வந்துவிட்டன. நெசவுச் சொற்களுக்கும் அப்படி ஒரு தொகுதி பின்னர் வந்தது. தமிழில் கி. ராஜநாராயணன் கரிசலுக்கும், பெருமாள்முருகன் கொங்குக்கும், இந்த வட்டாரத்துக்கு அடுத்த விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் சொல்லகராதி தந்திருக்கிறார்கள். தனி மனிதர்கள் செய்த அரும்பணிகள் அவை. கட்டடத் தொழிலுக்கென்று தனியாக இறங்கித் தொகுக்க வேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது. கூரை வேயத் தெரிந்தவர்கள், கமலை இறைத்தவர்கள் இப்பகுதியில் இன்னும் இருக்கிறார்கள்; எல்லாரும் முதியவர்கள். அரியலூர், செயங்கொண்டம் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது தங்கள் தெருவிலேயே தொடங்கலாம். அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பெயரை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அதை நட்டார்களா, நிறுத்தினார்களா, போட்டார்களா, கொடுத்தார்களா என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.